கடைசியாக உள்ளே வந்த நாள்

ரம்லா, கெர்கென்னா தீவு
9 ஜனவரி 2012

என் மருமகள் ரவ்தாவுக்கு, தாய்மாமன் ஜிலானி எழுதுவது.

இதெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று முன்னாலேயே சொன்னவன் நான். உன் தம்பி நூமான் இத்தாலிக்குப் படகு ஏறுவான் என்று சொன்னேன். அவன் போன பிறகு உங்கம்மா படுக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டாள் என்று சொன்னேன். அவன் கடையில் பூட்டிக் கிடக்கிற கம்ப்யூட்டர் ஒருநாள் தகராறு பண்ணும் என்றும் சொன்னேன். துறைமுகத்துக் காப்பிக்கடையில் கேட்டுப் பார். மூன்றையும் சொல்லுவார்கள், நான் என்ன சட்டை போட்டுக்கொண்டு சொன்னேன் என்பது உட்பட.

இங்கே எல்லோரும் இருக்கிறோம். காற்று பலமாக அடித்ததால் மூன்று நாள் கப்பல் வரவில்லை. அலை உயரம் பள்ளிவாசல் கூம்பு அளவு. நான் மட்டும் என் படகை எடுத்துக்கொண்டு மீன்வேலியைப் பார்த்துவிட்டு வந்தேன். மற்றவன் எவனுக்கும் தைரியம் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நூமானின் கம்ப்யூட்டர் கடையைத் திரும்பத் திறக்கலாம் என்று நினைக்கிறேன். பத்து மாதமாகச் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. போன வியாழன் கதவைத் திறந்தேன். உள்ளே அவன் நாற்காலி மேசையிலிருந்து கொஞ்சம் தள்ளி, இப்போதுதான் எழுந்து போன மாதிரி இருந்தது. கரண்ட் கொடுத்தேன். மெஷின் ஓடியது, கறுப்புத் திரையில் ஒரு வரி வந்தது, நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்து வாத்தியார் ஷெட்லியைக் கூட்டிவந்து காட்டினேன். "உள்ள இயங்குதளமே இல்லைங்குது ஜிலானி. தலை இல்லாத முண்டம்" என்றார்.

"போன மார்ச் வரைக்கும் இருந்துச்சே வாத்தியாரே. எலியா தின்னுட்டுப் போச்சு?"

புதிதாகப் போட்டுவிடலாம் என்று ஒரு லினக்ஸ் குறுவட்டு கொண்டுவந்தார். அதைப் போட்டால், பாதி வழியில் "குறுவட்டைக் காணவில்லை" என்கிறது. அந்த வட்டிலிருந்தேதான் அது ஓடிக்கொண்டிருக்கிறது ரவ்தா. மூக்கில் மாட்டிக்கொண்டே கண்ணாடியைத் தேடுகிற கிழவன் மாதிரி. இதற்கு நடுவில், பழையது எல்லாவற்றையும் அழிக்கட்டுமா என்று வேறு கேட்டது. வாத்தியார் ஆமாம் போடச் சொன்னார். எனக்குக் கை வரவில்லை.

போனில் சொல்லலாமே என்பாய். மணி அடித்தாலே உங்கம்மா என் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறாள், நூமான் என்று நினைத்து. இன்னொன்று, இங்கிலீஷ் எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாமல் இல்லை, வாய்க்குத்தான் சரிப்படாது. அதனால் திரையில் வந்ததை வந்தபடி வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். ஷேர் டாக்ஸிக்காரன் கையில் தருகிறேன், அக்கரையில் ஸ்ஃபாக்ஸில் கைமாறி உனக்கு வந்துவிடும். துனிஸில் அவ்வளவு பெரிய பேங்கின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்க்கிறாய், உன் மாமன் மெஷினுக்கு ஒரு வழி சொல்லு.

உன் தாய்மாமன்
ஜிலானி


துனிஸ்
14 ஜனவரி 2012

அன்புள்ள ஜிலானி மாமா,

உங்கள் தாள் கிடைத்தது. நன்றாக வரைந்திருக்கிறீர்கள், ஒவ்வோர் எழுத்தும் புரிகிறது.

முதலில் கெஞ்சிக் கேட்கிறேன். அழிக்கவா என்று எது கேட்டாலும் ஆமாம் சொல்லாதீர்கள். ஷெட்லி வாத்தியார் நல்லவர், ஆனால் அவர் சொன்னாலும் வேண்டாம். நூமான் எழுதியது, வைத்தது எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. அந்தக் குறுவட்டு பாதியில் தடுமாறி நின்றது நம்ம நல்ல காலம்.

இந்த மெஷின்களோடு பழகினால் ஒன்று தெரிய வரும் மாமா. அவை பொய் சொல்வதில்லை. தாங்கள் நிற்கிற இடத்திலிருந்து தெரிவதை மட்டும் சொல்லும். "இயங்குதளம் இல்லை" என்றால், நான் பார்த்த இடத்தில் இல்லை என்று அர்த்தம். அது தப்பான இடத்தில் பார்த்திருக்கலாம். பெட்டியின் பின்பக்கம் கையை விட்டுப் பாருங்கள். பென்டிரைவ் ஏதாவது சொருகியிருக்கிறதா? இருந்தால் மெஷின் முதலில் அதற்குள் போய்த் தேடிவிட்டு, ஒன்றும் இல்லை என்று உட்கார்ந்துவிடும். குறுவட்டும் அதனால்தான் குழம்பியிருக்கும்.

கடை திறப்பது நல்லதுதான். ஆனால் ஏன் இப்போது? பத்து மாதமாகக் கதவைத் தொடக்கூட என்னை விடவில்லை நீங்கள்.

அம்மா சாப்பிடுகிறாளா?

ரவ்தா


ரம்லா
22 ஜனவரி 2012

என் அறிவான மருமகளுக்கு,

நீ எழுதுவதற்கு முன்னாலேயே எனக்கு அந்தச் சந்தேகம் இருந்தது, வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். பின்பக்கம் பென்டிரைவ் இருந்தது. அதன் கழுத்தில் உங்கம்மா நெய்கிற சிவப்புக் கம்பளி நூலை நூமான் கட்டியிருந்தான். எடுத்து என் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

எடுத்த கையோடு மெஷினைப் போட்டேன். உறுமிற்று பார், தெருவில் போன கழுதை நின்று திரும்பிப் பார்த்தது. வெள்ளை எழுத்து மழை மாதிரி ஓடியது. பிறகு ஓரிடத்தில் நின்றுவிட்டது. அந்தத் திரையை முழுசாக வரைந்து வைத்திருக்கிறேன், ஒரு மணி நேரம் ஆயிற்று.

வாத்தியார் வகுப்புக்குப் போகிற அவசரத்தில் எட்டிப் பார்த்தார். "மெஷினுக்குள்ள இருக்கிற வட்டைக் கடைசியாத் திறந்த நேரம் எதிர்காலத்தில் இருக்குன்னு சொல்லுது. கிறுக்குப் பிடிச்சிருக்கு. நான் வரேன்."

அவர் போய்விட்டார். திரும்பினால் வாசலில் உங்கம்மா நிற்கிறாள், மேலே துணியைப் போர்த்திக்கொண்டு. பத்து மாதத்தில் தெரு தாண்டி வந்தது அன்றைக்குத்தான்.

"என்னடா சொல்லுது ஜிலானி?"

"ஒண்ணுமில்லக்கா. நூமான் இதைத் திறக்கிற நேரம் இனிமேத்தான் வரப் போவுதாம்."

"எப்பவாம்?"

"அதைச் சொல்லல."

"சொல்லாட்டிப் பரவால்ல" என்றாள். நாற்காலியைக் கையால் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அன்றைக்கு அவளே பார்லி ரொட்டி சுட்டாள். கணவாய் போட்டுக் கூஸ்கூஸ் பண்ணினாள், காரம் கண்ணில் நீர் வருகிற அளவு, நூமானுக்குப் பிடித்த மாதிரி. மூன்று கிண்ணம் வைத்தாள். நாங்கள் இரண்டு பேர்.

வாத்தியாருக்கு மெஷினைப் பற்றி என்ன தெரியும்? கிறுக்கு என்கிறார். மெஷின்கள் பொய் சொல்வதில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்த வரியை உங்கம்மாவுக்குக் கேட்கிற மாதிரி இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன்.

உன் மாமன்
ஜிலானி


துனிஸ்
28 ஜனவரி 2012

அன்புள்ள மாமா,

இதை அம்மா இல்லாத இடத்தில் படியுங்கள்.

மெஷினுக்குள் ஒரு சின்ன பேட்டரி இருக்கும், பித்தளைக் காசு அளவு. கரண்ட் இல்லாதபோதும் தேதியை ஞாபகம் வைத்திருப்பது அதன் வேலை. பத்து மாதத்தில் அது செத்துவிட்டது. அதனால் மெஷின் தன்னைச் செய்த காலத்துக்குத் திரும்பிவிட்டது. அதைப் பொறுத்தவரை இன்றைக்கு 2005 ஜனவரி ஒன்றாம் தேதி. நீங்கள் வரைந்த தாளில் இரண்டு தேதி இருக்கிறது பாருங்கள். ஒன்று அது. இன்னொன்று, வட்டைக் கடைசியாகத் திறந்தது, 2011 மார்ச் 29. நூமான் போன நாள். 2005-இல் நிற்கிறவனுக்கு 2011 எதிர்காலம்தானே? அவ்வளவுதான் அந்த வரி.

அந்த மெஷினுக்கு நூமான் இன்னும் எங்கேயும் போகவில்லை மாமா. இதை ஆபீஸில் உங்கள் தாளைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். பிறகு படிக்கட்டில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பேட்டரியை மாற்றித் தேதியைச் சரியாக வையுங்கள், எழுந்துவிடும். ஆனால் அம்மாவிடம் இப்படி வாசித்துக் காட்டாதீர்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது. ஸ்ஃபாக்ஸ் கரையில் ஒதுங்கி, பெயர் தெரியாமல் புதைக்கப்பட்டவர்களோடு பொருத்திப் பார்க்க, காணாமல் போனவர்களின் தாய்மார்களிடம் ரத்தம் எடுக்கிறார்கள். அம்மாவின் பெயரைக் கொடுத்திருக்கிறேன். மார்ச் 12, திங்கட்கிழமை. அதற்குப் பிறகு எப்போது எடுப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவளைக் கூட்டிவர உங்களால்தான் முடியும். அவள் எழுந்து நடப்பது எனக்கும் சந்தோஷம்தான். இந்தத் திங்கட்கிழமைக்காக நடந்தால் இன்னும் சந்தோஷம்.

ரவ்தா


ரம்லா
11 பிப்ரவரி 2012

ரவ்தா, உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்காதே.

அந்தப் பேட்டரிக்குத் தீவு முழுக்க அலைந்தேன். கடைசியில் வாத்தியார் வீட்டுச் சமையல்கட்டுத் தராசில் இருந்ததைக் கழற்றினேன். அவர் மனைவி இப்போது மாவைக் கையால் நிறுக்கிறாள், என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். தேதியை நானே வைத்தேன், யாரும் சொல்லித் தரவில்லை.

மெஷின் எழுந்துகொண்டது. பெயர் கேட்டது, நூமான் என்று போட்டேன். ரகசிய வார்த்தை கேட்டது. ஒரு நிமிஷம் கண்ணை மூடினேன். என் படகின் பெயரைப் போட்டேன், ஸாபிரா. திறந்துகொண்டது. முதல் தடவையிலேயே. உங்கள் பேங்கில் இப்படி ஒருத்தன் உண்டா?

வாத்தியாரைக் கூப்பிடவில்லை. நானே வாசித்தேன். இரண்டு வரி இருந்தது. ஒன்று, கடைசியாக உள்ளே வந்தது அக்டோபர் 14, 2011. இரண்டாவது, உனக்குக் கடிதம் வந்திருக்கிறது.

அக்டோபர் ரவ்தா. படகு போய் ஆறரை மாதம் கழித்து. அவன் எங்கிருந்தோ இந்த மெஷினுக்குள் வந்து போயிருக்கிறான். வெளியூரிலிருந்து ஒரு மெஷினுக்குள் நுழையலாம் என்று நீங்கள் இருவரும் சின்ன வயதில் என்னிடம் செய்து காட்டவில்லையா?

உங்கம்மா மாவுக் கையோடு ஓடிவந்தாள். திரையைத் தொட்டுப் பார்த்தாள், கண்ணாடியில் மாவு ஒட்டியிருக்கிறது, நான் துடைக்கவில்லை. இப்போது தினமும் காலையில் கடையைக் கூட்டுகிறாள். மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே நெய்கிறாள். "மூச்சு விடுறவன் பக்கத்துல உக்காந்த மாதிரி இருக்குடா" என்கிறாள். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது, சாயங்காலம் கடைக்குள் தனியாகப் போவதில்லை.

மார்ச் 12 விஷயத்தைச் சொன்னேன். "உசுரோட இருக்கிறவனைப் பொணத்துக்கூட வச்சுப் பாக்க நான் ரத்தம் குடுக்கணுமா? உன் மருமகளுக்குப் படிச்சுப் படிச்சு நெஞ்சு கெட்டுப்போச்சு" என்று சொல்லச் சொன்னாள். நான் வார்த்தை மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

ஜிலானி மாமன்


துனிஸ்
17 பிப்ரவரி 2012

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை. மறுநாள் போய், வருகிற வழியில் ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன், அவன் அளவில், சாம்பல் நிறம். அங்கே குளிருமே என்று. மூன்று நாள் அந்த ஸ்வெட்டரோடு இருந்தேன். நான்காம் நாள்தான் யோசிக்க ஆரம்பித்தேன். என்னை மன்னியுங்கள்.

கடிதம் வந்திருக்கிறது என்ற வரி உண்மைதான். ஆனால் அது வெளியிலிருந்து வந்தது இல்லை. அந்த வகை மெஷின், தன் வேலையில் ஏதாவது தவறினால் தன் சொந்தக்காரருக்குத் தானே கடிதம் எழுதி வைக்கும். தன்னிடம் இருப்பதையெல்லாம் தினமும் ஒரு பிரதி எடுத்து அந்தப் பென்டிரைவில் வைக்கும்படி நூமான் மெஷினிடம் சொல்லியிருப்பான். நீங்கள் அதைப் பிடுங்கிவிட்டீர்கள். "நீ சொன்ன இடத்தில் வைக்கப் போனேன், அந்த இடத்தைக் காணவில்லை" என்று அவனுக்கு எழுதியிருக்கும். பென்டிரைவைத் திரும்பச் சொருகினால் எழுதுவதை நிறுத்தும்.

வெளியிலிருந்து எதுவும் அதற்குள் வர முடியாது மாமா. கடைக்கு இன்டர்நெட் வருகிற டெலிபோன் கம்பியைப் போன வருஷம் பிப்ரவரியிலேயே துண்டித்துவிட்டார்கள். நூமானே எனக்கு எழுதினான். கம்பி இல்லாத மெஷினுக்குள் யார் எங்கிருந்து நுழைவார்?

அப்படியானால் அக்டோபர் 14 எப்படி வந்தது? கடைச் சாவி உங்கள் இடுப்பில் இருந்தது. கரண்ட் இல்லை. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததை இல்லை என்று சொல்லிவிடவும் மனம் வரவில்லை. அந்தத் திரையை மட்டும் நீங்கள் வரைந்து அனுப்பவில்லை. அனுப்புங்கள்.

ஒன்று கேட்கிறேன். நூமான் தன் ரகசிய வார்த்தையை எனக்குக்கூடச் சொன்னதில்லை. உங்கள் படகின் பெயர் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது?

ரவ்தா


ரம்லா
26 பிப்ரவரி 2012

மருமகளே,

கணவாய் இந்த வருஷம் நல்ல வரத்து. என் மீன்வேலியில் மட்டும் ஒரே நாளில் நாற்பது. ஒன்று என் கையளவு நீளம், பிடித்தபோது என் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டது. சிரிக்கிறாயா, வாத்தியாரைக் கேள்.

நீ கேட்ட படம் வரைந்துதான் வைத்தேன். படகில் நனைந்துவிட்டது. திரும்ப வரையலாம் என்றால் திரையில் இப்போது வேறு ஏதோ இருக்கிறது. ரகசிய வார்த்தை பற்றிக் கேட்டாய். மனுஷன் மனசை வாசிப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வரும், உங்கம்மாவுக்குத் தெரியும்.

தாய்மாமனிடம் சாட்சி கேட்கிற காலம் வந்துவிட்டது. பரவாயில்லை. உங்கம்மா நேற்று நான்கு முழம் நெய்தாள். பாட்டுக்கூடப் பாடினாள், பாதி. இது போதாதா உனக்கு?

ஜிலானி


துனிஸ்
2 மார்ச் 2012

மாமா,

ஜனவரி 22 அன்று நீங்கள் வரைந்து அனுப்பிய தாள் என் மேசைமேல் இருக்கிறது. வட்டைக் கடைசியாகத் திறந்த தேதி மார்ச் 29 என்று அதில் இருக்கிறது. உங்கள் கையால், எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதியது. வட்டைத் திறக்காமல் அந்த மெஷினுக்குள் யாரும் போக முடியாது. அக்டோபரில் ஒருவர் உள்ளே வந்திருந்தால் அந்தத் தாளில் அக்டோபர் இருந்திருக்கும்.

ஒரே விஷயத்துக்கு மெஷின் இரண்டு தேதி சொல்லாது.

அந்த ஸ்வெட்டரை என்ன செய்வதென்று தெரியவில்லை. அம்மா போன் செய்தாள். "அவன் வந்ததும் உனக்கு மாப்பிள்ளை பார்ப்பான்" என்கிறாள். நான் சரி என்றேன். எனக்கு இதற்குமேல் முடியாது. பன்னிரண்டாம் தேதி காலை ஸ்ஃபாக்ஸ் கப்பல்துறையில் நிற்பேன். நீங்கள் இருவரும் வராவிட்டால் திரும்பிவிடுவேன். பிறகு எழுத மாட்டேன்.

ரவ்தா


ரம்லா
10 மார்ச் 2012

ரவ்தா,

திங்கட்கிழமை முதல் கப்பலில் அக்காவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். கடிதம் அதற்கு முன்னால் உன் கையில் கிடைக்க வேண்டும் என்று டாக்ஸிக்காரனிடம் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றையும் அவளிடம் நேற்றே சொல்லிவிட்டேன். நெய்துகொண்டே கேட்டாள். தறியை நிறுத்தவில்லை. முடிவில், "அவளுக்கும் எழுது. உன் அலங்காரம் எதுவும் சேக்காம எழுது" என்றாள். அப்படி எழுதிப் பழக்கம் இல்லை. முயல்கிறேன்.

அவன் படகு ஏறுவான் என்று முன்னாலேயே சொன்னேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் அல்லவா? அது உண்மை. ஜிலானி அளக்கிறான் என்று எல்லோரும் சிரித்தார்கள். உனக்கு எப்படித் தெரியும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

அவன்தான் சொன்னான், ஒரு வாரம் முன்னால். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றான். மார்ச் 29 சாயங்காலம், வெயில் இருக்கும்போதே, மீன்வேலி பார்க்கப் போகிற மாதிரி அவனை ஸாபிராவில் ஏற்றிக்கொண்டு போனேன். பெரிய படகு தெற்கே நின்றது. அதில் ஏற்கெனவே ஏழு பேர். கரையிலிருந்து பார்ப்பவர்களுக்கு நாங்கள் வலை சரிசெய்கிற மாதிரி இருந்திருக்கும். அவன் பையை நான்தான் தூக்கிக் கொடுத்தேன். போகாதே என்று நான் சொல்லவில்லை. அவன் என்னிடம் மட்டும் சொன்னான் என்பது எனக்குப் பெருமையாக இருந்தது.

"மாமா, போய்ச் சேர்ந்ததும் கடை மெஷினுக்குத்தான் முதல்ல எழுதுவேன். ஒரு வாரம் கழிச்சுப் போட்டுப் பாருங்க. ரகசிய வார்த்தை உங்களுக்கு மறக்கக் கூடாதுன்னு உங்க படகுப் பேரையே வச்சிருக்கேன்" என்றான். பிறகு அவர்கள் கை கொடுத்தார்கள், ஏறிவிட்டான். மூன்றாம் நாள் காற்று திரும்பியது, அந்தப் படகில் போன யாரிடமிருந்தும் பிறகு சேதி இல்லை.

ஒரு வாரம் கழித்து நான் கடையைத் திறக்கவில்லை. திறந்தால் ஒன்றும் வந்திருக்காது என்று பயம். பூட்டியிருக்கும்வரை அவன் எழுதியிருக்கலாம். பத்து மாதம் அப்படியே இருந்தேன். நடக்கும்போதெல்லாம் இடுப்பில் சாவி தட்டும். கனவில் அந்த மெஷின் கரண்ட் இல்லாமலே ஓடும். ஏன் இப்போது திறக்கிறீர்கள் என்று முதல் கடிதத்திலேயே கேட்டாய். அக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள், அதனால்தான். உனக்கு எழுதவில்லை.

கம்பியைப் பிப்ரவரியிலேயே துண்டித்துவிட்டார்கள் என்று நீ எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு இரண்டு நாள் கடலுக்குப் போகவில்லை. அப்படியென்றால் எந்தக் கடிதமும் அங்கே வராது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்லியிருக்கிறான். நான் படகைத் திருப்பிக்கொண்டு தனியாக வர வேண்டுமே, கையில் ஏதாவது இருக்கட்டும் என்று.

அன்றைக்குத் திரையில் இரண்டு வரி வந்தது உண்மை. கடிதம் வந்திருக்கிறது என்ற வரியை எனக்கு வாசிக்கத் தெரியாது. பக்கத்தில் ஓர் உறைப் படம் மாதிரி ஏதோ இருந்தது என்று சொல்ல வந்தேன், அதுவும் இல்லை. உண்மையில் ஒவ்வோர் எழுத்தாக வரைந்துகொண்டு போய் வாத்தியார் வீட்டு வாசலில் காட்டினேன். கடிதம் என்றார். ஓடி வந்து "அக்கா, எழுதிட்டான்" என்று தெருவிலிருந்தே கத்தினேன். மாவுக் கையோடு வந்தாள். திரையைத் தொட்டாள்.

"எப்ப எழுதினான்?" என்று கேட்டாள்.

மேல் வரியில் எண் மட்டும் எனக்குப் புரிந்தது. 29. அவளுக்கும் அந்த எண் தெரியும். நான் குறுக்கே போய்த் திரையை மறைத்துக்கொண்டு நின்றேன்.

நேற்று எல்லாம் சொல்லி முடித்த பிறகு, வெகுநேரம் கழித்து ஒன்று கேட்டாள். "போறப்ப திரும்பிப் பாத்தானாடா?" பார்த்தான் என்றேன். அது நிஜம், சத்தியமாக. பிறகு எழுந்து போய்ப் பெட்டியிலிருந்து கோட்டை எடுத்து உதறினாள். "கப்பல்ல குளுரும். ரெண்டு ரொட்டி கூட வை, அவ காலையில சாப்பிடாம நிப்பா" என்றாள். அந்த ஸ்வெட்டரைக் கொண்டுவரச் சொன்னாள். யாருக்கு என்று சொல்லவில்லை.

பென்டிரைவை நீ சொன்னபடி திரும்பச் சொருகிவிட்டேன். அதுவரைக்கும் தினமும் காலையில் மெஷின் அவனுக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தது, இடத்தைக் காணவில்லை, இடத்தைக் காணவில்லை என்று. இன்றைக்கு எழுதவில்லை. மெஷினை அணைக்க எனக்கு மனம் வரவில்லை, அதை நீ வந்து செய்.

நீ கேட்ட படத்தை இதோடு வைத்திருக்கிறேன். நனையவே இல்லை, என் சட்டைப்பையில்தான் இருந்தது. மேல் வரியில் மார்ச் 29 என்று இருக்கும். அக்டோபர் என்று எதுவும் அந்தத் திரையில் வரவில்லை ரவ்தா. அது அவள் கேட்டபோது என் வாயில் வந்தது.

ஜிலானி